பேகனிடம் கேட்டது: புறநானூறு 145இன் கடைசி அடி

கேள்வி, அக்டோபர் 14

"சங்கப் பாட்டை அசை, சீர் என்று பிரித்து அலகிட்டு, எதுகை மோனை எண்ணி என்ன கிடைக்கப்போகிறது? ஆசிரியப்பா பேச்சுநடைக்குப் பக்கத்தில் இருக்கும் பா. அதில் உணர்ச்சியைத் தருவது பொருள்தான், யாப்பு வெறும் கூடு. இல்லை என்பவர்கள் ஒரு பாட்டை வைத்துக் காட்டுங்கள்."

அக்டோபர் 14, இரவு

இல்லை என்றுதான் நான் சொல்வேன். இருப்பது பழனிமலையிலுள்ள பண்ணைக்காட்டில், அதனால் இந்த மலைப் பாட்டாகவே எடுக்கிறேன். புறநானூறு 145, பரணர் பாடியது. பாடப்பட்டவன் இந்த மலைநாட்டை ஆண்ட ஆவியர் குடியைச் சேர்ந்த வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு இருக்கிறான். சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு, இவள் வேறு. அவளுக்காகப் புலவர்கள் வரிசையாகப் போய்ப் பாடியிருக்கிறார்கள். 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. திணை பெருந்திணை (பொருந்தாக் காதல்), துறை குறுங்கலி, அதாவது துறந்த மனைவியோடு சேரச் சொல்வது.

மடத்தகை மாமயில் பனிக்குமென் றருளிப்
படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசைக்
கடாஅ யானைக் கலிமான் பேக
பசித்தும் வாரேம் பாரமும் இலமே
களங்கனி யன்ன கருங்கோட்டுச் சீறியாழ்
நயம்புரிந் துறையுநர் நடுங்கப் பண்ணி
அறஞ்செய் தீமோ அருள்வெய் யோயென
இஃதியாம் இரந்த பரிசிலஃ திருளின்
இனமணி நெடுந்தேர் ஏறி
இன்னா துறைவி அரும்படர் களைமே

மயில் குளிரில் நடுங்குமே என்று போர்வை கொடுத்த பேகனே, நாங்கள் பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை. கருங்கோட்டுச் சீறியாழை மீட்டி, 'அறம் செய், அருளை விரும்புகிறவனே' என்று நாங்கள் கேட்கும் பரிசில் இதுதான்: இன்றிரவே தேரேறிப் போய், துன்பத்தோடு இருப்பவளின் துயரைக் களை. பொருள் இவ்வளவே.

இந்தப் பொருளை உரைநடையில் படித்தால் பேகன் மேல் கோபம் வருகிறது. பாட்டாகப் படித்தால் கோபம் வரவில்லை, தொண்டை அடைக்கிறது. அந்த வித்தியாசம் யாப்பிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. நாளை எழுதுகிறேன், மழையில் கரண்ட் போய்விட்டது.

அக்டோபர் 15

பா வகை கேட்டிருந்தார்கள். நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நாற்சீர், ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மட்டும் முச்சீர்: இனமணி / நெடுந்தேர் / ஏறி. ஏகாரத்தில் முடிகிறது. சீர்கள் பெரும்பாலும் மாவும் விளமும், அதாவது ஈரசைச் சீர்கள். ஐந்தாம் அடியில் 'கருங்கோட்டுச்' மட்டும் மூன்றசைக் காய்ச்சீர், புளிமாங்காய்.

அக்டோபர் 16

முதல் மூன்று அடிகளை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மேயக் கூடாது.

மடத்தகை, படாஅம், கடாஅ. மூன்று அடிக்கும் அடி எதுகை, இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது. இரண்டாம் அடிக்குள்ளேயே படாஅம், கெடாஅ என்று இன்னொரு எதுகை. அடுத்தடுத்து மூன்று அளபெடை, நெட்டெழுத்தை இன்னும் நீட்டுவது. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. 'படாம்' என்று மட்டும் சொன்னால் ஒரே ஒரு நிரையசை, சீர் நிரம்பாது. அளபெடுத்தால் படா-அம், நிரை நேர் என்று இரண்டு அசை, புளிமா. இலக்கணம் இதைச் செய்யுளிசை அளபெடை என்கிறது. ஓசை குறையும் இடத்தில் நிரப்ப வருவது. ஆனால் நிரப்ப வேறு நூறு சொல் பரணருக்குக் கிடைத்திருக்கும். அவர் மூன்று முறையும் ஆகாரத்தையே நீட்டுகிறார்.

இங்கே சரிவில் வேலை செய்பவர்கள் எதிர்ச்சரிவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் நெட்டெழுத்தை இழுப்பார்கள், இல்லையென்றால் மூடுபனிக்குள் குரல் போய்ச் சேராது. இந்த மூன்று அடியும் அப்படித்தான். பேகனைப் பெயர் சொல்லி அழைக்கும் வரை குரல் நீண்டுகொண்டே போகிறது. 'கலிமான் பேக' என்றதும் நிற்கிறது. அப்புறம் பாட்டு முடியும் வரை ஓர் அளபெடைகூட இல்லை.

அக்டோபர் 16, பிற்பகல்

ஒருவர் 141ஐ நினைவூட்டியிருக்கிறார். நன்றி, இது முக்கியம். அதுவும் பரணர் பேகனைப் பாடியதுதான், ஆனால் முழுக்கப் புகழ்ப்பாட்டு, பாணாற்றுப்படை (பரிசில் பெற்றவர் இன்னொரு பாணனை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவது). அதில் வரும் அடிகள்:

உடாஅ போரா ஆகுதல் அறிந்தும்
படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ
கடாஅ யானைக் கலிமான் பேகன்

அதே அளபெடைகள், அதே 'கடாஅ யானைக் கலிமான்'. இந்த ஓசையோடு தன் புகழைக் கேட்டவன் பேகன். எது முதலில் பாடப்பட்டது என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த இரண்டு பாட்டும் ஒரே கையின் வேலை, ஒரே ஆளுக்கானவை. 145 தொடங்கும்போது கேட்பவன் காதுக்கு அது புகழ்ப்பாட்டு. நாலாம் அடியில்தான் திசை மாறுகிறது.

போர்வையை மயில் போர்த்திக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கும் 141இலேயே பதில் இருக்கிறது. உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான் என்கிறார் பரணர்.

அக்டோபர் 17

இனி மோனை, சீர்களின் முதலெழுத்து ஒன்றுவது. அடி அடியாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மடத்தகை, மாமயில்: ஒன்றாம் இரண்டாம் சீர், இணை மோனை. இரண்டாம் அடியில் மோனை இல்லை, ஆனால் எதுகை இருக்கிறது. மூன்றாவதில் கடாஅ, கலிமான். நான்காவதில் பசித்தும், பாரமும். ஐந்தாவதில் களங்கனி, கருங்கோட்டு. ஆறாவதில் நயம், நடுங்க. ஏழாவதில் அறம், அருள். மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து அடியிலும் ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் சேர்கின்றன, பொழிப்பு மோனை. எட்டாவதில் இஃதியாம், இரந்த, இணை. ஒன்பதாவதில் இனமணி, ஏறி. இகரத்துக்கு ஏகாரம் மோனையில் இனம், இதுவும் ஒன்றும் மூன்றும்.

பத்தாவது அடி: இன்னா / துறைவி / அரும்படர் / களைமே.

ஒன்றுமில்லை. மோனை இல்லை, எதுகை இல்லை. சந்தியைப் பிரித்து 'இன்னாது உறைவி' என்று வைத்தாலும் இல்லை. அடியின் தொடக்கம் மட்டும் எட்டு, ஒன்பது, பத்தாம் அடிகளில் இ, இ, இ என்று மேலடிகளோடு சேர்கிறது. உள்ளே நான்கு சீரும் தனித்தனியாக நிற்கின்றன.

ஒன்பது அடி முழுவதும் ஒரு சீர் இன்னொரு சீரைக் கைபிடித்துக்கொண்டு வந்தது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய அடியில் கைகள் விலகிவிட்டன. அவள் இருக்கும் நிலையும் அதுதான். இதை உரைநடையில் செய்ய முடியாது. ஒரு நயத்தை ஒன்பது அடி காதுக்குப் பழக்கி வைத்தால்தான் பத்தாவதில் அது இல்லாதது கேட்கும்.

அக்டோபர் 19

கேள்வி கேட்டவர் விடவில்லை. "நயம் படிப்படியாகக் குறைகிறது என்றால் ஏழாம் அடியை என்ன செய்வீர்கள்? பாட்டிலேயே அதிக ஓசை அங்கேதானே?"

அவர் காது சரியாகவே கேட்டிருக்கிறது. படிப்படியாகக் குறைகிறது என்று நான் சொல்லவில்லை, கடைசியில் நின்றுபோகிறது என்றேன். ஆனால் ஏழாம் அடி தனியாகப் பேசத் தகுந்ததுதான். அறஞ்செய் தீமோ அருள்வெய் யோயென. அறம், அருள் என்று மோனை. செய், வெய் என்று சீரின் ஈறும் ஒலிக்கிறது. இரண்டும் புளிமா, அசைக்கு அசை ஒத்துப்போகிறது.

அந்த அடி யாருடைய பேச்சு என்று பாருங்கள். அது யாழை வைத்துக்கொண்டு அவையில் பாடும் வேண்டுகோள். முறைப்படி கேட்பது. அங்கே ஓசை நிறைந்திருக்கத்தான் வேண்டும். அது பொதுவாக 'அறம் செய்' என்கிறது, என்ன அறம் என்று சொல்லவில்லை. என்ன அறம் என்பது பத்தாம் அடியில்தான் வருகிறது. ஆக ஒரே பாட்டில் இரண்டு வேண்டுகோள். அவைக்குக் கேட்கும் வேண்டுகோள் முழு அலங்காரத்தோடு, அவன் ஒருவனுக்கு மட்டுமான வேண்டுகோள் ஒன்றும் இல்லாமல். எழுத எழுதத்தான் இது எனக்கே தெளிவாகிறது. கேட்டவருக்கு நன்றி.

அக்டோபர் 20

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர்: "எங்களுக்குக் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுவதோடு சரி, மார்க் வந்துவிடும். அப்புறம் எதற்கு?"

அலகிடுவது பாட்டுக்குள் போகும் வழி, கண்ணு. ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு எழுதி முடித்ததும் நின்றுவிடாதே. எந்தச் சீர் மற்றவற்றைப் போல இல்லை என்று பார். அங்கேதான் புலவர் ஏதோ செய்திருப்பார். இந்தப் பாட்டில் 'கருங்கோட்டுச்' ஒன்றுதான் காய்ச்சீர், அங்கேதான் யாழ் வருகிறது. ஐந்தாம் அடி மற்றவற்றைவிட மெல்ல நடப்பது உனக்கே கேட்கும்.

அக்டோபர் 22

நேற்று காப்பி பறிக்க வந்தவர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது இந்தப் பாட்டின் கதையைச் சொன்னேன். மயில், போர்வை, பெண்டாட்டி எல்லாம். மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லையே என்றுதான் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். அங்கிருந்த ஓர் அம்மாள் வேறு இடத்தைப் பிடித்தார். "பசிச்சு வரலைன்னு முதல்லயே சொல்லிட்டாருல்ல, அதான் ஆளு. நமக்குன்னு கேக்கப் போனா குரல் தாழ்ந்துதான் நிக்கணும். அடுத்தவங்களுக்குன்னா நிமிந்து கேக்கலாம்."

நாலாம் அடிக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. யாப்பும் அதற்கு ஒத்துப்போகிறது. முதல் மூன்றடி ஒரே மூச்சு, வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்று கிடையாது. நாலாம் அடி நாற்சீருக்குள் இரண்டு முழு வாக்கியம். பசித்தும் வாரேம். பாரமும் இலமே. இரண்டும் சட்டென்று முடிகின்றன. இழுத்துப் பாடிய குரல் இங்கே நிமிர்ந்து நின்று பேசுகிறது. பரிசிலர் வறுமையை நீட்டிச் சொல்லித்தான் கேட்பது மரபு. அந்த மரபை இரண்டே சீரில் ஒதுக்கிவிட்டார்.

அந்த அம்மாளிடம் களாப்பழம் பற்றியும் கேட்டேன். கீழ்ச்சரிவுப் புதரில் நிறையக் கிடைக்கும். சிவந்து பிறகு கறுக்கும், கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். நன்றாகக் கனிந்த களாவுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. பலர் கை பட்டுப் பட்டு மெருகேறிய யாழ்க்கோட்டுக்கு அதைச் சொன்னது வெறும் கறுப்புக்காக மட்டும் இருக்காது என்பது என் எண்ணம்.

அக்டோபர் 24

"கடைசி அடியில் மோனை இல்லாதது தற்செயலாக இருக்கலாமே. ஒரு பாட்டை வைத்து முடிவுக்கு வரலாமா?" நியாயமான கேள்வி. அதனால் மற்ற நான்கையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்தும் ஒரே ஆளிடம் ஒரே காரியத்துக்காகப் போனவை. ஒப்பிட இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது.

143 கபிலர். முடிவு: குழல்இனை வதுபோல் அழுதனள் பெரிதே. குழல், அழுதனள்: ழகர எதுகை, ஒன்றும் மூன்றும். அழுகைக்குக் குழல் உவமை, ஓசையிலும் அழுகை.

144 பரணரே பாடியது. முடிவு: ஒல்லென ஒலிக்கும் தேரொடு / முல்லை வேலி நல்லூ ரானே. ஒல், முல், நல் மூன்றும் எதுகை. தேர் ஓடும் சத்தம் அடி தாண்டியும் கேட்கிறது.

146 அரிசில்கிழார். தண்கமழ் கோதை புனைய / வண்பரி நெடுந்தேர் பூண்கநின் மாவே. தண், வண் அடி எதுகை. கடைசி அடிக்குள் வகரமும் மகரமும் மோனை இனம், ஒன்றும் நான்கும்.

147 பெருங்குன்றூர்கிழார். புதுமலர் கஞல இன்று பெயரின் / அதுமன்எம் பரிசில் ஆவியர் கோவே. புது, அது எதுகை. அது, ஆவியர் மோனை. இதில் ஈற்றயலடியும் நாற்சீர், ஆக நிலைமண்டில ஆசிரியப்பா. முடியும்போது குடிப்பெயர் சொல்லி மரியாதையாக நிறுத்துகிறார்.

நான்கும் ஓசையோடு முடிகின்றன. 145 மட்டும் வெறும் அடியில் முடிகிறது. 144ம் பரணருடையதே, அதன் கடைசி அடி அவ்வளவு ஒலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவருக்கு ஓசை கைவராமல் இல்லை.

தற்செயலா என்றால், புலவர் விரல்விட்டு எண்ணினாரா என்று நான் கேட்கமாட்டேன். மோனையிலேயே வாழ்ந்த ஒரு காதுக்கு அது இல்லாத அடி தெரியாமல் போகாது. தெரிந்தும் விட்டுவைத்திருக்கிறார், எனக்கு அது போதும்.

அக்டோபர் 24, இரவு

146இல் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட மனமில்லை. கண்ணகியின் கூந்தலுக்கு அரிசில்கிழார் சொல்லும் உவமை: கலிமயிற் கலாவம் கால்குவித் தன்ன. மயில்தோகையை அடி சேர்த்துக் குவித்தது போன்ற கூந்தல். மயிலுக்குப் போர்வை கொடுத்தவனிடம் போய் அதைச் சொல்கிறார். அந்த உவமையில் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 26

மழை விடவில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் மரம் விழுந்து பஸ் தாமதம் என்கிறார்கள். 143இன் தொடக்கம் நினைவுக்கு வருகிறது: மலைவான் கொள்கென உயர்பலி தூஉய் / மாரி யான்று மழைமேக் குயர்கென. குறவர் முதலில் மழை வேண்டும் என்று பலி தூவுகிறார்கள். அப்புறம் மழை மிகுந்ததும் மேலே போ என்று வேண்டுகிறார்கள். பெயல் நின்ற மகிழ்ச்சியில் தினை உண்கிறார்கள். ஐப்பசியில் இந்த மலையில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டாவது வேண்டுதலை விளக்க வேண்டியதில்லை.

மயிலைப் பற்றிக் கேட்டவருக்கு: மயில் அதிகம் திரிவது அடிவாரத்தில், பழனி, ஆயக்குடி பக்கம். நனைந்த மயில் தோகையைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு புளியமரக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் போர்வை எடுத்துப் போர்த்தத்தான் தோன்றும்.

அக்டோபர் 29

"ஆசிரியப்பாவில் இவ்வளவு என்றால் சந்தப்பாட்டில்?" என்று ஒருவர். பழனியிலிருந்தே ஒன்று சொல்கிறேன், நீளமாகப் போகாது. அருணகிரிநாதரின் ஆவினன்குடித் திருப்புகழ், 'நாத விந்து கலாதீ'. சந்தம்: தான தந்தன தானா தனாதன. முதல் பாதியில் ஒவ்வொரு 'தனாதன'வுக்கும் 'நமோநம' அப்படியே வந்து உட்காருகிறது. சொல்லும் சந்தமும் ஒரே இடத்தில் முடிகின்றன, ஒவ்வொரு முறையும் தலை வணங்கி எழுவது போல. இரண்டாம் பாதியில் அதே சந்தம், ஆனால் சொல்கள் குறுக்கே வெட்டுப்படுகின்றன: காவே ரியால்விளை, ஆரூ ரர்தோழமை, மீதே றிமாகயி, வாழ்வா னதேவர்கள். வகையுளி. மூச்சு விட இடமில்லாமல் பாட்டு ஓடுகிறது. பொருளிலும் அங்கேதான் காவிரி விளைத்த சோழ மண்டலமும், பரியேறிக் கயிலை போன சேரர் கதையும், கொங்கும் வருகின்றன. சந்தம் இம்மி மாறவில்லை. சொல் எங்கே முடிகிறது என்பது மாறியதும் மனநிலை மாறிவிட்டது.

145இலும் இப்படி ஓரிடம் உண்டு: பரிசிலஃ / திருளின். 'பரிசில்' என்று வாக்கியம் முடிகிறது, ஆனால் 'அஃது' அதே சீருக்குள் வந்து ஒட்டிக்கொள்கிறது. நிறுத்த முடியாது. பரிசில் என்ன என்று பேகன் யோசிக்க இடமே கொடுக்கவில்லை. உடனே இருள், தேர்.

நவம்பர் 2

ஈற்றயலடி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், பதில் சொல்ல நாளாகிவிட்டது. முச்சீர் அடி நேரிசையின் விதி, ஆகையால் அதில் புலவரின் கை என்ன என்று கேட்கிறார். விதிதான். ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பது புலவர் கையில். பரணர் 'ஏறி' என்ற எச்சத்தை வைத்தார். நான்காவது சீர் வர வேண்டிய இடம் காலி. தேரில் ஏறியாயிற்று, இன்னும் போகவில்லை. 146இலும் அதே இடத்தில் 'புனைய' என்ற எச்சம், 143இல் 'விம்மி'. மூன்றிலும் வினை முடியாமல் நிற்கிறது. 144இல் மட்டும் 'தேரொடு' என்று பெயர்ச்சொல். இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன், விதி கொடுத்த வெற்றிடத்தைப் புலவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க மட்டும் சொல்கிறேன்.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் இந்தப் பாட்டைச் சொல்பவர்கள் 'களைமே'யை இழுக்கிறார்கள். இழுக்காதீர்கள். இழுக்க வேண்டியதெல்லாம் படாஅமிலும் கடாஅவிலும் முடிந்துவிட்டது. இருள் என்ற இடத்திலிருந்து குரலைத் தாழ்த்தி, கடைசி அடியை நான்கு சொல்லாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும்.

அடுத்து 144ஐ எடுக்கலாம். அதில் கண்ணகியே பேசுகிறாள். அவனுக்கு நீ உறவா என்று கேட்டவர்களிடம் 'யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்' என்கிறாள். மனைவி அப்படிச் சொல்லும் அந்த அடியின் ஓசையைப் பற்றி யாராவது முதலில் எழுதுங்கள், நான் பிறகு வருகிறேன்.